பொட்டிக்குள்ள எத்தனை டிகிரி?

சென்னையில வளர்ந்தவங்க காதுல ஒரு விஷயம் நல்லா பதிஞ்சிருக்கும். செய்தி முடியுற நேரத்தில் "நுங்கம்பாக்கத்தில் இவ்வளவு டிகிரி, மீனம்பாக்கத்தில் இவ்வளவு டிகிரி" என்று இரண்டு எண் சொல்வார்கள். ஒரே ஊரு, ஒரே வெயிலு, எதுக்கு ரெண்டு நம்பர்னு சின்ன வயசுல அப்பாகிட்ட கேட்டிருக்கேன். "தெர்மாமீட்டர் எங்க இருக்கோ அந்த இடத்துச் சூட்டைத்தாண்டா காட்டும். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரு சூடு கிடையாது" என்றார். அப்போது மண்டையில் ஏறவில்லை. 2003-இல் ஏறியது. ஏற்றிவிட்டது எங்கள் மயிலாப்பூர் வீட்டு கம்ப்யூட்டர்.

பொட்டி தட்டிப் பிழைக்கிறவன் எழுதுற சரித்திரக் கட்டுரை இது. ராஜராஜ சோழன் வரமாட்டார். கம்ப்யூட்டருக்குள்ள சூட்டை அளக்கும் சில்லுகளும், அந்தச் சில்லு சொல்றதை லினக்ஸ் கெர்னலுக்குப் புரிய வைக்கும் டிரைவர்களும்தான் இதில் கதாபாத்திரங்கள். டிரைவர்னா பயப்படாதீங்க. அந்தக் காலத்து மதராஸில் கம்பெனிக்காரனுக்கும் நம்ம ஊர் வியாபாரிக்கும் நடுவில் ஒரு துபாஷ் நிப்பார் இல்லையா, அதே வேலைதான். சில்லு ஒரு பாஷை பேசும், கெர்னல் ஒரு பாஷை பேசும். நடுவில் டிரைவர். துபாஷுக்கு ஒரு பாஷை அரைகுறையா தெரிஞ்சா என்ன ஆகும்? அதுதான் கதை.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

2003 மே. கச்சேரி ரோடு பக்கம் ஒரு மாடி வீடு. தலைக்கு மேலே மொட்டை மாடி. அந்த மாசக் கடைசியில், 31-ஆம் தேதி, நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அதுக்கு முந்தின வாரங்களும் ஒண்ணும் குளுகுளுன்னு இல்லை. 2001-இல் ரிச்சி தெருவில் ஒவ்வொரு பார்ட்டா வாங்கி நானே கோர்த்த அத்லான் மெஷின் அது. அதில் ஒரு முக்கியமான வேலை வைத்திருந்தேன்.

எங்க பாட்டி 1987-இல் போய்ச் சேர்ந்தாங்க. அதுக்கு மூணு வருஷம் முன்னாடி சித்தப்பா ஒரு டேப் ரெக்கார்டரை அவங்க முன்னாடி வெச்சு, பேச வெச்சுப் பதிவு செய்திருந்தார். கல்யாணமாகி மயிலாப்பூர் வந்தது, முதல் தெப்பத் திருவிழா பார்த்தது, நடுநடுவே நலங்குப் பாட்டு, தாலாட்டு. ஒரு பக்கம் முப்பது நிமிஷம். அந்த ஒரே ஒரு கேசட்தான். அதை கம்ப்யூட்டரில் ஏத்திடணும்னு வீட்டில் எல்லாருக்கும் வாக்கு கொடுத்திருந்தேன்.

டேப் ஓட ஆரம்பிக்கும். இருபது நிமிஷம் ஆனதும் மெஷின் பட்டுன்னு அணைஞ்சிடும். மறுபடி முதல்லேர்ந்து. டேப் ஓடுற நேரத்துல கைய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? இல்லை. பக்கத்திலேயே கெர்னல் கம்பைல் ஓட விட்டிருந்தேன். வயசு அப்படி.

சூடா இருக்குமோன்னு சந்தேகம் வராமல் இல்லை. அப்போ லினக்ஸில் இதைப் பார்க்க ஒரே வழி எல்எம் சென்சார்ஸ் என்ற மென்பொருள்தான். அந்தப் பேர் எங்கேர்ந்து வந்தது என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் எல்எம்78 என்று ஒரு சில்லு கொண்டுவந்தது. மதர்போர்டில் இருந்துகொண்டு வோல்டேஜ், வெப்பம், ஃபேன் வேகம் மூன்றையும் கவனிப்பதே அதன் வேலை. அது வோல்டேஜ் அளக்கும் விதம் ரொம்ப எளிமை. எட்டு பிட், ஒரு படிக்கு 16 மில்லிவோல்ட், அதிகபட்சம் நாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. அப்படின்னா 12 வோல்ட்டை எப்படி அளக்கும்? அளக்காது. மதர்போர்டு செய்பவர் இரண்டு ரெசிஸ்டர் போட்டு அந்த 12-ஐ மூணு சொச்சமாகக் குறைத்துச் சில்லுக்குக் கொடுப்பார். எவ்வளவு குறைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். சில்லுக்குத் தெரியாது. அதைப் படிக்கும் டிரைவருக்கும் தெரியாது.

ஃபேன் கதையும் இதுதான். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும். துடிப்புக்கு நடுவில் எத்தனை டிக் ஆச்சுன்னு சில்லு எண்ணும். 255-க்கு மேல் எண்ணத் தெரியாது. ஃபேனுக்குத் தோதாக வகுக்கும் எண்ணை மாற்றி வைக்கவில்லை என்றால், நிமிஷத்துக்கு 2,600 சுற்றுக்குக் கீழே ஓடுகிற நல்ல ஃபேனைக்கூட நின்றுவிட்டது என்று பூஜ்யம் காட்டும்.

1998 வாக்கில் ஃபிலிப் எடல்ப்ராக், ஃப்ரோடோ லோயாட் என்ற இரண்டு பேர் இந்தச் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் எழுத ஆரம்பித்தார்கள். எல்எம்78, எல்எம்75 என்ற சில்லுப் பேர்களில் இருந்த 'எல்எம்' மென்பொருளுக்கும் ஒட்டிக்கொண்டது. பின்னாடி விண்பாண்ட், ஐடிஇ என்று தைவான் கம்பெனிச் சில்லுகள் எல்லா மதர்போர்டிலும் நிறைந்தபோதும் பேர் மாறவில்லை. ஆனா இந்த டிரைவர்கள் கெர்னலுக்கு வெளியேதான் ரொம்ப நாள் நின்றன. 2.4 கெர்னலில் ஐ-ஸ்கொயர்-சி என்ற அடிப்படைக் கம்பி மட்டும் உள்ளே வந்தது. சென்சார் டிரைவரெல்லாம் திண்ணையிலேயே. கெர்னலை மாற்றினால் இதையும் தனியாகக் கம்பைல் செய்ய வேண்டும்.

அந்த ஐ-ஸ்கொயர்-சி கம்பி ஃபிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் கொண்டுவந்தது. டிவிக்குள் இருக்கும் சில்லுகள் பேசிக்கொள்ள இரண்டே இரண்டு ஒயர். ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு கதவு எண் உண்டு. வாசலில் பேர்ப்பலகை கிடையாது! மாட வீதியில் ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டி, திறக்கிறவர் குரலை வைத்து யார் வீடு என்று ஊகிக்கிற மாதிரிதான், சென்சார்ஸ்-டிடெக்ட் என்ற நிரல் ஒவ்வொரு எண்ணாகத் தட்டிப் பார்க்கும்.

தட்டுவதில் ஆபத்தும் உண்டு. 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இந்தத் தட்டலே வினையானது. அதில் இருந்த ஒரு நினைவகச் சில்லு இந்த விசாரிப்பைத் தப்பாகப் புரிந்துகொண்டு, தன்னுள் இருந்த தகவலைக் கெடுத்துக்கொண்டது. அடுத்த முறை மெஷின் பூட் ஆகவில்லை. வெப்பம் எவ்வளவு என்று கேட்கப் போய் மெஷினே போச்சு. அதன்பிறகு ஐபிஎம் மெஷின் என்று தெரிந்தால் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கும்படி மாற்றினார்கள். சும்மா எட்டிப் பார்த்தேன் அவ்வளவுதான் என்று சொல்வது ஹார்டுவேரில் செல்லாது.

இதைவிடக் கஷ்டம், கதவைத் திறந்தவர் தன் பாஷையைச் சொல்லித்தர மறுப்பது. ஆசஸ் போர்டுகளில் ஏஎஸ்99127எஃப், ஏஎஸ்பி100 என்று அவர்களுக்கென்றே செய்த சில்லுகள் வந்தன. அவற்றின் விவரக்கையேடு, அதாவது டேட்டாஷீட், வெளியே தரப்படவில்லை. ஏஎஸ்பி100-க்கு டிரைவர் எழுதிய மார்க் ஹாஃப்மன், தங்கள் மெஷினையே சோதனைக்குக் கொடுத்து உதவிய பயனர்களை வைத்துத்தான் அதைக் கட்டினார். கையேடு இல்லாதபோது செய்யக்கூடியது ஒன்றுதான். எதையாவது சூடாக்கு, எந்த எண் ஏறுகிறது பார். ஃபேனை நிறுத்து, எது விழுகிறது பார்.

சரி, கச்சேரி ரோடுக்கு வருவோம்.

ராத்திரி கண்முழித்து டிரைவரை ஏத்தினேன். திரையில் மூணு வெப்பம் வந்தது. "மதர்போர்டு: 78 டிகிரி. சிபியு: 41 டிகிரி. மூணாவது: 208 டிகிரி."

208 டிகிரியா? அதில் அப்பளமே பொரிக்கலாம். அந்த இடத்தில் ஒயரே இணைக்கவில்லை, அதனால் குப்பை எண் என்று புரிந்தது. அடுத்து மதர்போர்டு 78. இதுவும் குப்பைதான்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன். மதர்போர்டு போய் 78-ல இருக்குமா? அமைப்புக் கோப்பைத் திறந்து முதலாவதுக்கும் மூணாவதுக்கும் 'இக்னோர்' என்று எழுதி வைத்தேன். மிச்சம் இருந்தது ஒரே வரி. சிபியு, 41 டிகிரி. ஜம்முனு இருக்கே! சூடு காரணம் இல்லை, கரன்ட்தான் காரணம்னு முடிவு பண்ணி புது எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். அதுவும் உதவலைன்னதும் ஸ்டெபிலைசர் வாங்கினேன்.

நாலாவது தடவை டேப் ஓடும்போது ஹெட்டில் சுத்திக்கிச்சு. பத்தொன்பது வருஷத்துப் பழைய டேப், எத்தனை தடவைதான் தாங்கும்? கத்திரிக்கோலும் செல்லோடேப்பும் வைத்து ஒட்டினோம். கசங்கிப் போன பகுதி ஏழு நிமிஷம். தாலாட்டு அதில்தான் இருந்தது. அம்மா ஒண்ணும் சொல்லலை. அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை மூடி பீரோவுக்குள்ள வெச்சுட்டாங்க. திட்டியிருந்தா தேவலைன்னு இருந்தது.

ஜூன் மாசம். சென்னை லினக்ஸ் பயனர் குழு, 1998-இல் ஆரம்பித்தது, அடையாறு ஐஐடி வளாகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கூடும். கஜேந்திரா சர்க்கிள் பக்கத்தில் ஒரு வகுப்பறை. வெளியே மான், உள்ளே பெங்குவின் :-). கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவரிடம் புலம்பினேன். சிபியு 41-ல தான் சார் இருக்கு, ஆனாலும் அணையுதுன்னேன். அவர் என் கெர்னல் எது, போர்டு எது என்று எதையும் கேட்கவில்லை.

"தம்பி, ரூம்ல எத்தனை டிகிரி?"

"முப்பத்தேழு, முப்பத்தெட்டு இருக்கும் சார்."

"கம்பைல் ஓடுற அத்லான், ரூமைவிட மூணு நாலு டிகிரிதான் கூடவா? கொஞ்சம் யோசிங்க. வீட்டுக்குப் போயி, எல்லா வரியையும் திறந்து வெச்சுக்கிட்டு, லோடு கொடுத்து எது ஏறுதுன்னு பாருங்க."

வீட்டுக்கு வந்து அந்த 'இக்னோர்' வரிகளை எடுத்தேன். கம்பைல் ஓட விட்டேன். 'சிபியு' என்று போட்டிருந்த 41 அசையவே இல்லை. நான் குப்பைன்னு ஒதுக்கின 'மதர்போர்டு' எண் 58-லேர்ந்து ஏறி ஏறி 78-ஐத் தாண்டியது. அப்புறம் பட்.

பேர்கள் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். அந்தப் போர்டைச் செய்தவர் முதல் முனையில் சிபியு தெர்மிஸ்டரையும் இரண்டாவதில் போர்டு தெர்மிஸ்டரையும் இணைத்திருந்தார். மென்பொருளோட வந்த பொதுவான அமைப்புக் கோப்பில் வரிசை தலைகீழ். சில்லு பொய் சொல்லலை. டிரைவரும் பொய் சொல்லலை. நுங்கம்பாக்கத்து எண்ணுக்கு மீனம்பாக்கம்னு லேபிள் ஒட்டியிருந்தது. மெஷினும் பழுதாகி அணையலை. பயாஸ் சரியான எண்ணைப் பார்த்து, எரிஞ்சு போறதுக்கு முன்னாடி தானே அணைச்சிருக்கு. அந்தக் கால அத்லானுக்குத் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியாது. சாக்கெட்டுக்கு நடுவில் இருக்கும் தெர்மிஸ்டர்தான் அதுக்கு ஒரே காவல். 2001-இல், ஹீட்சிங்க்கைக் கழற்றினால் அத்லான் புகைந்து போகும் வீடியோ ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. என் மெஷின் எனக்கு உண்மையைத்தான் சொல்லிட்டிருந்தது. நான்தான் அதன் வாயை அடைச்சேன்.

பொட்டியைத் திறந்தால் ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு மாதிரி தூசி. பெயின்ட் பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தேன். அதே கம்பைல், 60-ஐத் தாண்டவில்லை. எஸ்எம்பிஎஸ், ஸ்டெபிலைசர், ஏழு நிமிஷம் பாட்டி. எல்லாத்துக்கும் மருந்து ஒரு பிரஷ்.

அந்த வருஷம் டிசம்பரில் 2.6 கெர்னல் வந்தது. திண்ணையில் கிடந்த சென்சார் டிரைவர்கள் கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முயற்சியில் 2.5 வளர்ச்சிக் காலத்திலேயே வீட்டுக்குள் வந்துவிட்டன. பின்னாடி ஜான் டெல்வாரும் அவருக்குப் பிறகு குந்தர் ரூக்கும் பல வருஷம் பராமரித்தார்கள். 2005-இல் 'ஹெச்டபிள்யூமான்' என்று கெர்னலுக்குள் தனி வீடே கிடைத்தது. சட்டமும் வந்தது. ஒரு எண்ணுக்கு ஒரு கோப்பு. வெப்பம் என்றால் ஆயிரத்தில் ஒரு டிகிரி அளவில், அதாவது 47 டிகிரி என்றால் 47000. எனக்கு இதில் பிடித்தது ஒரு நேர்மை. வோல்டேஜ் கோப்பில் சில்லின் காலில் என்ன வருகிறதோ அதைத்தான் டிரைவர் சொல்லும். மதர்போர்டில் எந்த ரெசிஸ்டர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாது, அதை நீ அமைப்புக் கோப்பில் எழுதிக்கோ என்று விட்டுவிடும். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டாத துபாஷ்!

இதோட பிரச்னை முடிஞ்சுதா? இல்லை. சென்சார் சிபியுவுக்குள்ளேயே குடிபோனது. 2007-இல் 2.6.22 கெர்னலில் இன்டெல் கோர் சிபியுகளுக்காக கோர்டெம்ப் என்ற டிரைவர் வந்தது. எழுதியவர் ருடால்ஃப் மாரெக். இன்டெல் சில்லு உள்ளே தருவது வெப்பமே இல்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்ற தூரம். "கிண்டிக்கு இன்னும் அஞ்சு ஸ்டாப்"னு கண்டக்டர் சொல்ற மாதிரி. நாம எங்க இருக்கோம்னு தெரியணும்னா கிண்டி எங்கே என்று தெரியணும். அந்த வரம்பு 85-ஆ 100-ஆ என்று அப்போது பல சில்லுகளுக்கு வெளியே சொல்லப்படவில்லை. டிரைவர் ஊகித்தது. ஊகம் தப்பினால் 15 டிகிரி தப்பு. வரம்பைச் சில்லிலேயே படித்துக்கொள்ளும் வசதி அடுத்து வந்த நெஹலம் தலைமுறையில்தான் வந்தது.

2017-இல் ஏஎம்டி ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் இரண்டும் நிஜ வெப்பத்தைவிட 20 டிகிரி கூட்டியே காட்டின. ஃபேன் நடத்தை எல்லா மாடலிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வேண்டுமென்றே வைத்த கூட்டல். ஏஎம்டியே வெளிப்படையாகச் சொன்னதால் டிரைவரில் கழித்துக்கொள்ள முடிந்தது. சொல்லாமல் இருந்திருந்தால்? எத்தனை பேர் என்னை மாதிரி தேவையில்லாத பார்ட் வாங்கியிருப்பார்கள்?

நம்ம ஊரில் இதெல்லாம் ரொம்பப் பழைய பாடம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் மதராஸ் வானாய்வகம் அமைந்தது. தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. 1796-லிருந்து கோல்டிங்ஹாம் அங்கே வானிலைப் பதிவுகளை எழுதி வைத்தார். வானிலைக்காரர்கள் தெர்மாமீட்டரைக் கண்ட இடத்தில் மாட்ட மாட்டார்கள். வெள்ளை அடித்த, காற்று போய் வரும் மரப் பெட்டிக்குள், தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 45 டிகிரி என்றால் அதை வேறு ஊரோடும் வேறு வருஷத்தோடும் ஒப்பிட முடிகிறது. எங்கே அளந்தது, எதை வைத்து அளந்தது என்ற இரண்டு வரி இல்லாத எண் வெறும் எண்தான்.

அதனால்தான் அதே ஐஐடியில் உருவான சக்தி ப்ராசசர் செய்தியைப் படித்தபோது எனக்குத் தனி சந்தோஷம். 2018-இல் அவர்களுடைய சில்லில் லினக்ஸ் ஓடியது. வடிவமைப்பையே திறந்து வைத்திருக்கிறார்கள். யாரும் கதவைத் தட்டி ஊகிக்க வேண்டாம். நான் டீ குடித்துக்கொண்டு புலம்பிய இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இது நடந்தது.

பாட்டி கேசட் அப்புறம் ஏறியது. இருபத்து மூணு நிமிஷம். தெப்பக்குளம் வரும், நலங்கு வரும், திடீர்னு சத்தம் மங்கி வேற கதை ஆரம்பிக்கும். அந்தத் தாலாட்டு அம்மாவுக்கு அரைகுறையா ஞாபகம் இருந்தது. போன வருஷம் போனில் பாட வெச்சுப் பதிவு பண்ணிக்கிட்டேன். ரெண்டாவது அடி சரியில்லைன்னு அவங்களே சொன்னாங்க. சரிபார்க்க மூலம் இல்லை.

இப்பவும் புது மெஷின் எது வந்தாலும் முதல் வேலை ஒண்ணுதான். லோடு கொடுத்து எந்த எண் ஏறுதுன்னு பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் "முதல் எண் சிபியு, இரண்டாவது போர்டு, மூணாவதில் ஒயர் இல்லை" என்று எழுதிப் பொட்டிக்கு உள்பக்கம் ஒட்டி வைப்பேன். பார்க்கிறவங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு யாராவது பொட்டியைத் திறந்து தூசி தட்டப் போறீங்கன்னா, மொதல்ல ப்ளக்கைப் பிடுங்கிடுங்க. வீட்டுல பழைய கேசட் இருக்கிறவங்க இந்த வாரமே ஏத்திடுங்க. அந்த நேரத்துல வேற எதையும் கம்பைல் பண்ணாதீங்க.